மாமனார் பெயரில் ஓர் எலுமிச்சம்பழம்

கூட்டத்தைப் பார்த்தால் அது தனக்காகத்தான் கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் வியாதி சிலருக்கு உண்டு. கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த புதிதில் எனக்கு அது முற்றிப்போயிருந்தது. பி.எஸ்சி. இயற்பியல், அதிலும் முதல் வகுப்பு, சும்மா இருக்குமா? ஓர் அமாவாசைக் காலையில், கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, எனக்கு அந்த வியாதி குணமானது. செலவில்லாத வைத்தியம்தான். மானம் மட்டும் போயிற்று.

என் மாமனார் ஏழுமலைக்குச் செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை. கீழே கடை, பின்னால் வீடு, மேலே ஒரு மாடி அறை. அந்த அறையில் காலிச் சாக்குகளும் கால் ஒடிந்த ஒரு நாற்காலியும் குடியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அங்கே அறிவியல் சொல்லித்தரட்டுமா என்று நான் கேட்டபோது, "சொல்லிக் குடும்மா, சாக்க மட்டும் கலைச்சிடாத" என்று உடனே ஒப்புக்கொண்டார். புது மருமகள் என்ற சலுகை அது. (அந்தச் சலுகைக்கும் காலாவதித் தேதி உண்டு என்று எனக்கு அப்போது தெரியாது.)

இதற்கெல்லாம் காரணம் ரூபிணி. கடைக்குப் பக்கத்தில் பூ விற்கிற செல்வியின் மகள், ஏழாம் வகுப்பு. ஒருநாள் பெருங்காயம் வாங்க வந்தவள், மாமா கையில் பிடித்திருந்த சின்னத் தராசையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ரெண்டு பக்கமும் சமமா ஆனா முள்ளு ஏன் நேரா நிக்குது?" என்று கேட்டாள். நான் விட்டேனா? நெம்புகோல், திருப்புத்திறன் என்று படித்ததையெல்லாம் அவள் தலையில் கொட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு மூங்கில் குச்சி, அம்மா பூ கட்டுகிற நூல் இவற்றை வைத்துத் தானே ஒரு தராசு செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். கடையில் ஆட்கள் நிற்கும்போது, "அக்கா, இது உங்க கடைத் தராசவிட கரெக்டா காட்டுது" என்றாள். மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்! (எங்கள் தராசின் ஒரு தட்டுக்கு அடியில் புளி ஒட்டிக்கொண்டிருந்தது. தானாக ஒட்டியதுதான். எங்கள் வீட்டில் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறோம்.)

அவளோடு ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். சாமான் வாங்க வீட்டில் காசு கேட்கக் கூடாது என்பது மாடியின் சட்டம்; குப்பையில் கிடைப்பதுதான் எங்கள் ஆய்வகம். நான் வாயால் நடத்தியதை அவர்கள் கையால் நடத்தினார்கள். தண்ணீர் பாட்டிலும் மூடிகளும் பலூனும் வைத்துக் கார் விட்டார்கள். நூல்கண்டுக் கட்டையைக் கப்பியாக்கி, தெருவிலிருந்து மாடிக்கு என் டீ தம்ளரைச் சிந்தாமல் ஏற்றினார்கள். "ராஜகிரிக் கோட்ட மேல ராஜாவுக்குத் தண்ணி எப்டிக்கா போச்சு?" என்று ஒருத்தி ஆரம்பிக்க, சொட்டுநீர்க் குழாயும் வாளியுமாக ஒரு ஞாயிறு முழுக்க மாடியைக் குளமாக்கினார்கள். தண்ணீர் கீழே பருப்பு மூட்டையில் சொட்டியபோதுதான் அந்த வகுப்பு முடிந்தது. ஒன்று சரியாக வரவில்லை என்றால் அந்தப் பிள்ளைகள் சலித்துக்கொள்ளவே மாட்டார்கள். "ஏன் வரல?" என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நானெல்லாம் கல்லூரியில் சோதனை சரியாக வராவிட்டால் டீ குடிக்கப் போய்விடுகிற ஜாதி. அவர்களைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

ஆனால் பருப்பு மூட்டை நனைந்ததிலிருந்து மாமாவுக்கு மாடிமேல் கண் வந்துவிட்டது. "பொங்கலுக்கு வெல்லம் வருது, எடம் வேணும்" என்றார். செல்வியும் முணுமுணுத்தாள். "ஞாயித்துக்கெழமன்னா பூ யாவாரம் நல்லா ஓடும். இவ இருந்தா எனக்கு ஒரு கை ஆச்சு. மாடில இன்னாதான் பண்றாங்கன்னு ஒரு நாள் காட்டும்மா. சரின்னு பட்டா அனுப்பறேன்" என்றாள். மாமாவும், "பெத்தவங்க சரின்னா எனக்கும் சரி. இல்லாட்டி வெல்லந்தான்" என்று முடித்துவிட்டார். ஆக, ஒரே ஒரு காலை. பெற்றோர்கள் வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் வகுப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை. ரூபிணி அந்த வாரம் முழுக்கப் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக மாடிக்கு வந்து, "இன்னா காட்டப் போறோம்க்கா?" என்று என்னைத் துளைத்தெடுத்தாள்.

"எலுமிச்சம்பழத்துல கரண்ட்" என்றேன், கம்பீரமாக.

செய்வது சுலபம். துத்தநாகம் பூசிய கூரை ஆணி ஒன்றையும் செம்புத் துண்டு ஒன்றையும், ஒன்றையொன்று தொடாமல், பழத்தில் குத்த வேண்டும். ஒரு பழத்தின் செம்பை அடுத்த பழத்தின் ஆணியோடு கம்பியால் இணைத்துக்கொண்டே போனால், கடைசியில் ஒரு சின்ன பல்பு எரியும். கடையில் விலைபோகாமல் சுருங்கிக் கறுத்த பழங்களை மாமா ஒதுக்கி வைத்திருந்தார், அவை வந்தன. அத்தை எடைக்குப் போட வைத்திருந்த ஓட்டைச் செம்புச் சொம்பைக் கேட்டு வாங்கித் தகடு தகடாக வெட்டினோம். எரிந்துபோன மோட்டாரிலிருந்து கம்பி வந்தது. பழைய சீரியல் லைட்டிலிருந்து ஒரு சிவப்பு எல்.இ.டி. பல்பு வந்தது. எது பிளஸ், எது மைனஸ் என்று தெரிய சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் வேண்டுமே என்று நான் யோசிப்பதற்குள், ரூபிணி செம்புப் பக்கம் குங்குமமும் ஆணிப் பக்கம் கண்மையும் வைத்துவிட்டாள். "ஒயரே வேணாம்க்கா, பொட்டு வச்சா போதும்." என்ன மூளை! முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

யாருடைய பழத்துக்குப் பவர் அதிகம் என்று சண்டை வந்ததால், அவரவர் பெயரைச் சீட்டில் எழுதி, அவரவர் பழத்தில் ஆணியோடு சேர்த்துக் குத்தினோம். கூட்டத்திலேயே சின்னவன் மூன்றாம் வகுப்பு. அவன் பெயரும் ஏழுமலை. (செஞ்சிப் பக்கம் தெருவில் நின்று ஏழுமலை என்று கூப்பிட்டால் நாலு பேராவது திரும்புவார்கள்.) எல்லாவற்றையும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வட்டமாக அடுக்கினோம். அழகாக இருந்தது.

இதைப் படிக்கிற நீங்கள் இந்நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை! கறுத்த எலுமிச்சை, ஆணி, செம்புத் தகடு, குங்குமம், மை, பெயர் எழுதிய சீட்டு. ஊரில் யாரைக் கேட்டாலும் இது செய்வினை என்று தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது மின்கலம்.

அன்று சனிக்கிழமை. மாமாவும் அத்தையும் திண்டிவனத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தார்கள். மறுநாள் எட்டு மணிக்குக் கடை வாசலில்தான் காட்டப்போகிறோம் என்பதால், மாடு வாய் வைக்காதபடி தாம்பாளத்தை வாசல் பலகைக்கு அடியில் தள்ளிவைத்தேன். பவர் வீணாகாமல் இருக்க பல்பை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டேன். என் கணவர் சரவணனிடம், "மாமா வந்ததும் சொல்லிடுங்க" என்றேன். "சொல்லிடறேன்" என்றார். (சொல்லிடறேன் என்று அவர் சொன்ன எதையும் இதுவரை சொன்னதில்லை. அது எனக்கு அப்போது தெரியாது, புதுசு.)

மறுநாள் அமாவாசை என்பது தெரியாதா என்றால், தெரியும். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் போகிற நாள், ஊரே சீக்கிரம் எழுந்துவிடும், பெற்றோர்களும் நேரத்துக்கு வருவார்கள் என்று அதையும் ஒரு வசதியாகத்தான் நினைத்தேன்.

காலையில் தலைக்குக் குளித்து, கல்யாணப் பட்டுப்புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, மாடியில் நின்று என் சொற்பொழிவை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால் கடை வாசலில் கூட்டமான கூட்டம்! பூஜைக் கூடையோடு பெண்கள், டீக்கடையிலிருந்து கிளாஸோடு வந்தவர்கள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள் என்று தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எட்டுகூட ஆகவில்லை. அடடா, செஞ்சி மக்களுக்கு அறிவியலில் இவ்வளவு ஆர்வமா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

உண்மையில் கீழே நடந்தது வேறு. கடை திறக்க வந்த மாமா பலகையை இழுத்திருக்கிறார். தாம்பாளம் தெரிந்திருக்கிறது. குனிந்தவர் கண்ணில் முதலில் பட்டது, ஆணி குத்திய 'ஏழுமலை'. அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அத்தை ஓடிவந்து, "ஐயோ, எவன் வயிறெரிஞ்சி வச்சானோ" என்று அலறி, உள்ளே ஓடி, உப்பும் மிளகாயும் அள்ளி வந்து தாம்பாளத்தின் மேல் வீசியிருக்கிறார். மாமா எழுந்து நேராக எதிர்க்கடை கோவிந்தசாமியிடம் போய்விட்டார். எதிர்க்கடையும் மளிகை. சரக்கு லாரியை யார் கடை முன்னால் நிறுத்துவது என்பதில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது.

"யோவ், யாவாரத்துல ஜெயிக்க முடியலன்னா இப்டியாய்யா பண்ணுவ?"

"இன்னாய்யா பண்ணேன்? இன்னும் சாமிக்குக் கற்பூரம்கூட ஏத்தல, கார்த்தால வந்து மேல விழற?"

"அப்ப எம்பேர்ல ஆணி குத்தனது யாரு?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் படியிறங்கி வந்து பதில் சொன்னேன். கேள்வி என் காதில் விழவில்லை என்பது வேறு விஷயம். "வாங்க வாங்க, எல்லாரும் வந்துட்டீங்களா? ரொம்ப சந்தோஷம்!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு தாம்பாளத்தின் பக்கம் கையை நீட்டி, தெருக்கோடி வரை கேட்கும்படி, "இத நான்தான் பண்ணேன்!" என்றேன்.

தெரு கப்பென்று அடங்கிவிட்டது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

"யாரும் கை வச்சிடாதீங்க, உள்ள பவர் இருக்குது. புள்ளைங்கள வச்சித்தான் பண்ணேன். ஒரு வாரமா மாடில இதே வேலைதான்!"

முன்வரிசை அப்படியே பின்னால் போயிற்று. ஓர் அம்மாள் தன் கூடையிலிருந்த வேப்பிலையை எடுத்து எனக்கும் தனக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். "பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்து சொல்லுது பாரேன்" என்று யாரோ சொன்னார்கள். அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டு, "அடிப்பாவி, ஒனக்கு இன்னாடி கொற வச்சோம்?" என்றார். கோவிந்தசாமி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏழுமல, ஆளு ஒன் வூட்லயே இருக்குது" என்றார். பல வருஷங்களில் மாமாவிடம் அவர் அனுதாபமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண்ணில் தண்ணீர் நிற்க, "எம்பொண்ணு மாதிரிதானம்மா வச்சிருந்தேன்" என்றார். அப்போதுதான் அந்தத் தாம்பாளத்தை நான் அவர் கண்ணால் பார்த்தேன்.

"ஐயோ மாமா, இது அது இல்ல! இது பேட்டரி!" என்று கதறினேன். யார் நம்புவார்கள்? அதற்குள் பிள்ளைகளின் பெற்றோர்களும் வந்துசேர்ந்தார்கள். ஒருத்தி சீட்டைப் படித்துவிட்டு, "எம்புள்ள பேரும் இருக்குதே!" என்று மாரில் அடித்துக்கொண்டாள். ஆளாளுக்குத் தங்கள் பிள்ளையைத் தேடிப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். "இனிமே அந்த மாடிப் பக்கம் போன, கால ஒடச்சிடுவேன்." செல்வி ரூபிணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாமா மகனைப் பார்த்து, "மொதல்ல மாடிய காலி பண்ணுடா" என்றார். அந்த நேரத்தில்தான் சரவணன், "ஆங், நைனா, கலா ஒண்ணு ஒங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சி" என்று ஆரம்பித்தார். (சத்தியமாக.)

பல்பை எரியவைத்துக் காட்டினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று கீழே உட்கார்ந்து கம்பியில் வைத்தேன். எரியவில்லை. மறுபடியும் வைத்தேன். எரியவில்லை. "மந்திரிச்சதுல வெளக்கு எப்டிம்மா எரியும்?" என்று வேப்பிலை அம்மாள் நியாயமாகக் கேட்டார். முதல் வகுப்பு, பி.எஸ்சி. இயற்பியல், கடைத்தெருவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தது.

செல்வியின் கையை உதறிக்கொண்டு ரூபிணி வந்தாள். எனக்கு ஆறுதல்கூடச் சொல்லவில்லை. தாம்பாளத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஏன் வரல?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு பழமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் தொடும்போதெல்லாம் கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அத்தை உப்பு மிளகாய் வீசிய வேகத்தில் ஒரு பழம் உருண்டு கம்பி விட்டிருந்தது. அதைச் செருகினாள். பிறகு என் கையிலிருந்த பல்பை வாங்கிப் பார்த்து, "பல்போட கால மாத்தி வச்சிருக்கீங்கக்கா. குங்குமம் இங்க, மை இங்க" என்றாள். மாற்றி வைத்துக் கையைக் குவித்து உள்ளே பார்த்தாள்.

"எரியுது. வெயில்ல தெரியல. தாத்தா, கொட இருக்குதா?"

பெரியவர்கள் அத்தனை பேரும் பயந்து நின்ற இடத்தில் அந்தப் பெண் கேட்டது ஒரு குடை. நான் அழுகையை மறந்து அவளையே பார்த்தேன். இவளுக்குப் பயமே இல்லையா? இருந்திருக்கும். ஆனால் விட்டுப்போன ஒரு கம்பி அவளுக்கு அதைவிடப் பெரிய விஷயமாக இருந்தது. மூன்று வருஷம் கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுக்க முயன்றது இதைத்தான் என்று அந்தத் தெருவில்தான் எனக்கு உறைத்தது.

குடை கொடுத்தவர் கோவிந்தசாமி. பெரிய கறுப்புக் குடை. ரூபிணி அதை விரித்துத் தாம்பாளத்தின் மேல் சாய்த்துப் பிடித்து, "தாத்தா, உள்ள தலைய வுட்டுப் பாருங்க" என்றாள். மாமா தயங்கினார். "நீ பாக்கலன்னா வுடு, நான் பாக்கறேன்" என்று கோவிந்தசாமி தலையை விட்டார். எதிரி முந்திக்கொண்டால் மாமாவுக்குப் பொறுக்குமா? அவரும் விட்டார். வெளியே இரண்டு வேட்டிகள் மட்டும் தெரிந்தன.

"எரியுதுய்யா" என்றது ஒரு குரல்.

"கடுகாட்டம் இத்தினூண்டு இருக்குது" என்றது இன்னொன்று.

"பாப்பா, இத அணைக்க முடியுமா?" என்று மாமா உள்ளிருந்தே கேட்டார்.

"கம்பிய எடுங்க தாத்தா, அணைஞ்சிடும். வைங்க, எரியும்."

எடுத்தார், வைத்தார். எடுத்தார், வைத்தார். நிறுத்துகிற வழியாக இல்லை. "எனக்கும் கொஞ்சம் குடுய்யா" என்று கோவிந்தசாமி கெஞ்சினார். "இருய்யா, எம்பேர் போட்ட பழம் இது." உடனே வெளியே சின்ன ஏழுமலை, "அது என்னுது!" என்று வீறிட்டான். மாமா தலையை வெளியே எடுத்து அவனைப் பார்த்தார். "ஒம்பேரு இன்னாடா?" "ஏழுமல." மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கூட்டமும் சிரித்தது. பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் ஒருவர், "யோவ் பெரியவரே, சிரிச்சது போதும், கற்பூரம் குடுப்பியா மாட்டியா?" என்று கத்தினார். வேப்பிலை அம்மாள் அவரை அதட்டி நிறுத்திவிட்டுக் குடைக்குள் போனார்.

கடைசியாகப் பார்த்தவள் செல்வி. பார்த்துவிட்டு நிமிர்ந்து, மகளிடம் கேட்டாள்.

"இந்த வெளிச்சத்துல பூ கட்ட முடியுமா?"

"முடியாதும்மா."

"அப்ப இத வச்சி இன்னாதான் பண்ணலாம்?"

"ஒண்ணும் பண்ண முடியாது. ஏன் எரியுதுன்னு தெரிஞ்சிக்கலாம்."

"தெரிஞ்சிக்கினியா?"

"பாதி."

எனக்குப் பகீரென்றது. ஒரு பொய்யாவது சொல்லேண்டி என்று மனசு அடித்துக்கொண்டது. செல்வி மகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மீதி?"

"அடுத்த ஞாயித்துக்கெழம."

"சரி, போ. எதையும் பாதில வுட்டா எனக்குப் புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடைக்குத் திரும்பினாள். அவ்வளவுதான். அவள் சரி என்றதும் மற்றவர்களும் பிள்ளைகளின் கையை விட்டார்கள். அந்த வருஷத்துப் பொங்கல் வெல்லம் கோவிந்தசாமியின் கிடங்கில் அடுக்கப்பட்டது. அவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வீட்டில் இதை யாரும் மறக்கவிடவில்லை. எலுமிச்சை ஜூஸ் கொடுத்தால் மாமா முதலில் தம்ளருக்குள் எட்டிப் பார்த்து, "இது எம்பேர் போட்டதா, அந்தப் பையன் பேர் போட்டதா?" என்று கேட்காமல் குடிப்பதில்லை. வெளியூரிலோ கதை வேறு மாதிரி பரவிவிட்டது. அமாவாசைக்கு அமாவாசை யாராவது பஸ்ஸிலிருந்து இறங்கி, "இங்க செய்வின எடுக்கற அம்மா இருக்காங்களாமே? எங்க வூட்ல ஒரு கஷ்டம்" என்று கடைக்கு வந்து நிற்கிறார்கள். ஆரம்பத்தில் மாமா பேட்டரி, ஆணி, செம்பு என்று விளக்கிப் பார்த்தார். "பெரிய ஆளுங்க இப்டித்தான் மறைப்பாங்க" என்று அவர்கள் இன்னும் பயபக்தியோடு கும்பிட்டார்கள்.

இப்போது அவர் விளக்குவதில்லை. கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "வூட்ல படிக்கிற புள்ளைங்க இருக்குதா?" என்று மட்டும் கேட்கிறார். இருக்கிறது என்றால், முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு அதுங்கள மாடிக்கு அனுப்பு. ஒரு வாரங்கூட தவறக் கூடாது. தவறினா பலிக்காது" என்கிறார். மாடியில் இப்போது உட்கார இடமில்லை. பாதிப் பேர் செய்வினைக்குப் பயந்து வந்து சேர்ந்த பிள்ளைகள்.